கோலும் குடையும் கடைமணியும்

சென்ற தவணையில் ஒருநாள் வகுப்பிலே வழக்குரை காதை நடந்துகொண்டிருந்தது. ஒற்றைச் சிலம்பு ஏந்திய கையளாய் வந்த கண்ணகி, வாயில் காவலனை விளித்துத் தன் வரவை அரசனுக்கு அறிவிக்கும்படி கூறுகின்ற இடம். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“ஐயா, பாண்டியனுடைய வாசலிலே மணி இருந்ததுதானே? கண்ணகி ஏன் அதை அடிக்கவில்லை?”

“மணி இருந்ததென்று உமக்கு யார் சொன்னது, பிள்ளை?”

“கோப்பெருந்தேவியின் கனவிலே வருகுதே, ஐயா.”

உண்மைதான். அரசி கண்ட தீக்கனாவிலே செங்கோலும் வெண்குடையும் நிலத்திற் சாய்கின்றன. கொற்ற வாயிலின் மணி நடுங்குகின்றது. அதனை அசைத்தவர் இன்னார் என்று அடிகள் கூறவில்லை. முப்பது ஆண்டுகளாக இக்காதையைப் படிப்பித்து வருகின்றேன். கோல் வீழ்ந்ததையும் குடை வீழ்ந்ததையும் விரித்து விரித்து உரைத்த எனக்கு, அந்த மணியை நின்று கேட்கத் தோன்றவில்லை. அடியார்க்குநல்லாரைக் கேட்கலாமென்றால், அவருடைய உரையில் நமக்குக் கிடைத்த பகுதி ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகின்றது. “நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லி அன்றைய பாடத்தை முடித்தேன். விடை தெரியாத ஆசிரியர்களுக்கு அது பழையதொரு புகலிடம்.

அந்த வினா என்னை விடவில்லை. அதன் வழியே சென்றபோது கண்ட சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

சட்டம் என்பது கண்ணாற் காணப்படும் பொருளன்று. அதனை ஏட்டிலே படித்து அறிபவர் மிகச் சிலர். ஏனையோர்க்குச் சட்டமாவது காக்கிச் சட்டை, கறுப்பு மேலங்கி, முத்திரை குத்திய கடதாசி, மேடைமேல் உயர்ந்து நிற்கும் நாற்காலி. இவற்றின் வாயிலாகவே அவர்கள் சட்டத்தைக் காண்கின்றார்கள், அஞ்சுகின்றார்கள், நம்புகின்றார்கள், வெறுக்கவும் செய்கின்றார்கள்.

சிறுவயதில் எங்கள் ஆச்சியோடு நீதிமன்றம் ஒன்றுக்குச் சென்றது நினைவுக்கு வருகின்றது. எல்லை வேலி வழக்கு. இரண்டு முழ நிலம். ஆச்சி வாயிற்படியிலே செருப்பைக் கழற்றி வைத்தாள். நீதிபதி இன்னும் வந்து அமரவில்லை. மேடையில் இருந்தது வெறும் நாற்காலி. அந்த வெறும் நாற்காலியை நோக்கி ஆச்சி கைகூப்பினாள். பிறகு நீதிபதி வந்தார், எல்லாரும் எழுந்தார்கள், அப்புக்காத்துமார் இருவர் தமக்குள்ளே ஏதோ பேசினர், கட்டொன்று அவிழ்க்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. நாங்கள் வெளியே வந்தோம்.

“என்ன தம்பி, தீர்ந்துதோ?”

“இல்லை ஆச்சி, தவணை போட்டிருக்கினம்.”

சிறிது தூரம் பேசாமல் நடந்தபின் ஆச்சி சொன்னாள்: “உவ்வளவு உயரத்திலை இருக்கிறவருக்கு எங்கடை கதை கேட்குமோ?”

காலையில் கைகூப்பச் செய்த அதே நாற்காலிதான் மாலையில் அவ்வினாவையும் எழுப்பியது. நாற்காலியின் உயரம் மாறவில்லை.

நம் முன்னோர் முறைசெய்தலைக் குறிக்க முதலில் எடுத்துக்கொண்ட அடையாளம் கோல். கோல் என்னும் சொல்லின் பொருள்களை ஒருங்கு வைத்துப் பாருங்கள். நிலத்தை அளப்பது கோல். நிறுப்பது துலாக்கோல். எழுதுவது எழுதுகோல். கண்ணில்லாதவர்க்கு வழிகாட்டுவது ஊன்றுகோல். இவற்றுக்கெல்லாம் பொதுவானது நேர்மை, அஃதாவது, வளையாமை. அரசன் கையிலிருக்கும் கோலும் நேராயின் செங்கோல்; வளைந்தாற் கொடுங்கோல். நல்லாட்சிக்கு ஒரு கருவியும் தீயாட்சிக்கு வேறொரு கருவியும் தமிழர் வகுத்தாரல்லர். கருவி ஒன்றே, அதன் நிலை இரண்டு. திருவள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் 55, 56 என்று அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்ததும் இதுபற்றியே போலும்.

சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பண்டிதனுக்கு நிறுத்தத் தெரியாது. இன்னும் ஒன்று மட்டும் சொல்லி அமைகின்றேன். ‘முறை’ என்றால் நீதி. அந்நீதி தனக்குக் கிடைக்கவில்லையென்று ஒருவன் அழுவதற்கு நாம் இட்ட பெயர் ‘முறையிடுதல்’. குறை சொல்பவனுடைய வாயிலும் நீதியின் பெயரே இருக்கின்றது.

இனிக் குடை. வெண்கொற்றக்குடை அரசனுடைய பெருமிதத்தின் சின்னமென்றே பலரும் கருதுவர். புறநானூற்றின் 35ஆம் பாட்டைப் பாடிய வெள்ளைக்குடி நாகனார் அவ்வாறு கருதவில்லை. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை நோக்கி, உன் குடை வெயிலை மறைக்கப் பிடித்ததன்று, வருந்திய குடிமக்களுக்கு நிழலாகப் பிடித்தது என்னும் கருத்துப்பட அவர் பேசுகின்றார். இதனைப் புகழ்ச்சி என்று எண்ணிக் கடந்துவிடலாகாது. அப்பாட்டின் அடிக்குறிப்பு, புலவர் அதனைப் பாடிப் பழைய நிலவரியை நீக்குவித்துக்கொண்டார் என்று கூறுகின்றது. அரசன் தன் பெருமைக்காக உயர்த்திய குடையையே, அவன் குடிகளுக்கு எழுதிக்கொடுத்த கடன் ஓலையாக ஆக்கி, அதனை அவன் முன்னே நீட்டிப் புலவர் வரிவிலக்குப் பெற்றார்.

இவ்விடத்திலேதான் அடையாளங்களின் இயல்பு எனக்கு ஓரளவு விளங்கியது. அடையாளம் ஆள்வோன் கையில் இருக்கும்வரை அதிகாரத்தின் அணி. ஆளப்படுவோன் அதனைப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கும்போது அது ஆள்வோனைக் கட்டும் ஆவணம்.

பாண்டியன் நெடுஞ்செழியன் அந்த ஆவணத்துக்குக் கட்டுப்பட்டவன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, தேராது, கோவலனைக் கொல்வித்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த மாத்திரத்தில், முத்துப்பரல் கொண்டது தன் தேவியின் சிலம்பு என்பதை உணர்ந்தான். தாழ்ந்த குடையும் தளர்ந்த கோலுமாய், தானே கள்வன் என்று கூறி வீழ்ந்து உயிர் துறந்தான். இதனைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் கூறுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. வினை வளைத்த கோலைப் பாண்டியனுடைய பிரிந்த உயிர் நிமிர்த்தியது என்கின்றான். வளைந்த கோலை நிமிர்த்தற்கு ஓர் உயிர் விலையாயிற்று. ஆயினும் அது நிமிர்ந்தது. பாண்டியனை மக்கள் இன்றும் கொடுங்கோலன் என்று கூறாமைக்கு அதுவே காரணம்.

இப்பகுதியை நான் வகுப்பில் உரக்கப் படிப்பேன். அப்போதெல்லாம் மனத்திலே ஒரு முள் தைக்கும். ஆசிரியத் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் என் கையிலும் ஒரு கோல் இருந்தது. பிரம்பு. அக்காலத்தில் பிரம்பில்லாத வாத்தியாரை வாத்தியாரென்று யாரும் மதியார். ஒருநாள் ஒரு மாணவனுடைய கொம்பாஸ் பெட்டி காணாமற் போயிற்று. இன்னொருவன் ஒரு பையனைச் சுட்டிக் காட்டினான். நான் தேரவில்லை. அந்தப் பையனுடைய கையில் ஆறு அடி. இரண்டு நாள் கழித்துப் பெட்டி வகுப்பறை அலுமாரியின் பின்னால் இருந்து எடுக்கப்பட்டது. நான் பாண்டியனைப் போல உயிர் துறக்கவில்லை. “என் பிழை, தம்பி” என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் பிரம்பின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அப்பிள்ளை என் முகத்தைப் பார்த்ததில்லை. மேசைமேல் இருந்த பிரம்பையே பார்த்தான். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்ற சுற்றறிக்கை 2005இல் வந்தபோது சக ஆசிரியர் சிலர், இனி ஒழுங்கு போய்விடும் என்று கவலைப்பட்டனர். எனக்கு ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

மணிக்கு வருவோம்.

கோல் அரசன் கையில் இருப்பது. குடை அரசன் தலைக்கு மேலிருப்பது. மணியின் நா அரண்மனையோடு தொடர்புடையது. கயிறோ வாயிலில் தொங்குவது. நீதியின் சின்னங்களுள் துன்புற்றவனுடைய கைக்கு எட்டுவதற்கென்றே அமைந்தது இது ஒன்றுதான்.

மணியின் கதையை நாம் மனுநீதிச் சோழன் கதையாக அறிவோம். சேக்கிழார் அதனைத் திருவாரூரில் நிகழ்த்துகின்றார். ஏறத்தாழ அதே கதை இந்நாட்டின் மகாவம்சத்தில், 21ஆம் அத்தியாயத்தில், அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆட்சிபுரிந்த எல்லாளன் மேல் வைத்துச் சொல்லப்படுகின்றது. எது மூலம், எது வழி என்ற ஆராய்ச்சியை வரலாற்றார்க்கு விடுகின்றேன். என் கருத்தைக் கவர்ந்தது மணி தொங்கிய இடம். எல்லாளனுடைய மணி அவன் படுக்கையின் தலைமாட்டிலே தொங்கியதாகவும், நீதி வேண்டுவோர் அடிப்பதற்கென்று நீண்ட கயிறு கட்டப்பட்டிருந்ததாகவும் மகாவம்சம் சொல்கின்றது. அரசன் விழித்து அரியணையில் இருக்கும்போது குறை கேட்பது எளிது. இவனோ தன் தூக்கத்தையே குடிகளின் கையிற் கொடுத்துவிட்டுப் படுத்தவன்.

அக்கயிற்றை இழுத்தவர் யாவர்? கன்றை இழந்த பசு இழுத்தது. அரசன் தன் மகனின் தலையை அதே தேர்ச்சில்லினாற் போக்கினான். பனைமரத்திலே பாம்புக்குக் குஞ்சை இரையாகக் கொடுத்த தாய்ப்பறவை இழுத்தது. வெயிலிலே காயவிட்ட அரிசி பருவமல்லாத மழையில் நனைந்துபோன ஒரு கிழவியும் இழுத்தாள். இந்தக் கிழவியின் கதை நம் பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. எனக்கு மிகவும் உவப்பானது இதுவே. மழை பெய்ததற்கு அரசன் மேல் வழக்கு! அவளை ஏளனம் செய்து அனுப்பாமல், அரசன் நீதியோடிருந்தால் மழை காலத்திலே பெய்யும் என்பதனை எண்ணி, எல்லாளன் நோன்பு கிடந்தான். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் இரவில் மட்டுமே மழை பெய்தது என்கின்றது நூல். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தக் கிழவி கயிற்றைப் பிடிக்கலாமென்று துணிந்தாளே, அத்துணிவுதான் எல்லாளன் ஆட்சியைப் பற்றிய சான்று.

மகாவம்சத்தை இயற்றியவர் பௌத்த துறவி; எல்லாளனை வென்ற துட்டகைமுனுவையே காவியத் தலைவனாகக் கொண்டவர். அவர் இதனை மறையாது எழுதினார். போரில் வீழ்ந்த எல்லாளனுக்குத் துட்டகைமுனு நினைவுச்சின்னம் எடுத்தான் என்பதையும், அவ்விடத்தைக் கடக்கும் அரசர் தம் இசையை நிறுத்திச் செல்வது வழக்கமாயிற்று என்பதையும் அவரே எழுதினார். மணியடித்து நீதி கேட்கச் செய்தவனுக்கு, முழவு நிறுத்தும் மரியாதை.

மேலைநாட்டார் நீதியைப் பெண்தெய்வமாகக் கண்டனர்: ஒருகையில் துலாக்கோல், மறுகையில் வாள், கண்களிலே கட்டு. வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமை அக்கட்டின் பொருள் என்று இன்று விளக்குவர். அந்தக் கட்டு ஆதியில் இல்லை. 1494இல் பாசல் நகரில் வெளிவந்த செபஸ்தியான் பிராண்ட் என்பவரின் அங்கத நூலொன்றில், மூடன் ஒருவன் நீதித்தெய்வத்தின் கண்ணைப் பின்னிருந்து கட்டுவதாக ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. வழக்காடும் வெறி நீதியைக் குருடாக்குகின்றது என்ற ஏளனமே அங்கே கருத்து. ஏளனமாக இட்ட கட்டுப் பின்னர்ப் பெருமையாயிற்று. இலண்டனில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் உச்சியில் நிற்கும் உருவத்துக்கு இன்றும் கண்கட்டு இல்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நூலகத்தில் கண்திறந்த சிலையொன்று வைக்கப்பட்ட செய்தி 2024இல் வெளிவந்தது. அதன் கையில் வாளுக்குப் பதிலாக அரசியலமைப்பு நூல்.

நம் ஊரில் பாரதம் கேட்டு வளர்ந்த ஒருவருக்குக் கண்கட்டிய பெண்ணுருவைக் காட்டினால் யாரை நினைப்பார்? காந்தாரியை நினைப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டமையால் தன் பிள்ளைகள் செய்த தீமையைக் காணாதிருந்தவளை நினைப்பார். நடுவுநிலைமைக்கு இட்ட சின்னம் இங்கே பிள்ளைப்பாசத்தின் சின்னமாகிவிடும். அடையாளத்தை இடுபவர் ஒருவர். அதற்குப் பொருள் இடுபவர் பார்ப்பவர். அவர் தம் வீட்டுக் கதையைக் கொண்டே பொருள் இடுவார்.

இதனை எங்கள் மூத்த தலைமுறை ஓர் எழுத்தாலே கற்றது. ‘ஸ்ரீ’ என்பது மங்கலச் சொல். சைவரும் வைணவரும் பௌத்தரும் போற்றுவது. அந்நாளிற் கடிதத்தின் தலைப்பிலும் திருமண அழைப்பிலும் எழுதப்பட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 முதல் புதிய மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் அந்த மங்கலச் சொல் சிங்கள எழுத்தில் இடம்பெற்றது. ஒலி அதே ஒலிதான். ஆயின் சட்டத்தின் ஏட்டைக் கண்ணால் கண்டிராத தமிழ் விவசாயி, தன் ஊர் வீதியிலே ஓடிய வண்டியின் பின்புறத்தில் அந்தச் சட்டத்தைக் கண்டான். தேசியமயமாக்கப்பட்ட பேருந்துகள் 1958இல் அந்தத் தகட்டோடு வடக்கே வந்தபோது தார் பூசினர். தமிழ் ஸ்ரீ எழுதினர். தெற்கிலே தமிழெழுத்துப் பலகைகள் தாரால் அழிந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் தார் நின்றது, இரத்தம் சிந்தியது.

திருவெண்ணெய்நல்லூர்க் கிழவர் காட்டிய அடிமை ஓலையைப் பறித்துக் கிழித்த நம்பியாரூரர் வழக்கு முடிந்ததென்று எண்ணினார். கிழிந்தது படியோலை, மூலவோலை அவையிலே வெளிவந்தது. தார் பூசியவரும் படியோலையையே கிழித்தனர் என்பது என் கருத்து. மூலவோலை வேறிடத்தில் இருந்தது. ஆனால் அவர்களை ஒரு தகட்டுக்காகச் சண்டையிட்ட பேதையர் என்று கூற மாட்டேன். அந்த எழுத்தில் தமக்கு நிழலாகும் குடை ஒன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. பிறர் கையில் இருக்கும் கோல் மட்டுமே தெரிந்தது. இன்றைய புதிய தகடுகளில் அந்த எழுத்து இல்லை. எழுத்துப் போனமையால் எல்லாம் போயிற்றா என்பதை, தனக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அயலாரைத் தேடிச் செல்பவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாளனுடைய மணிக்கு எழுத்து இல்லை. பசுவும் அதனைப் படித்தது.

மறுநாள் வகுப்புக்குச் சென்றேன். அந்த மாணவியை எழுப்பி, எனக்குத் தோன்றிய விடையைச் சொன்னேன்: “கண்ணகி மணியை அடித்தாள், பிள்ளை. பாண்டியன் வாசல் மணியை அல்ல. அரசவையிலே ‘நீ யார்’ என்று அவன் கேட்டபோது, அவள் தன் பெயரை முதலிற் சொல்லவில்லை. தன் ஊரின் அரசரை முதலிற் சொன்னாள். புறாவைக் காத்தவனைச் சொன்னாள். பிறகு, வாயில் மணியின் நா நடுங்கப் பசு அழுத கண்ணீர் நெஞ்சைச் சுட, மகனைத் தேர்க்காலில் இட்டவனைச் சொன்னாள். வாயில் மணிக்கும் கண்ணின் கடைக்கும் ‘கடைமணி’ என்ற ஒரு சொல்லையே அவ்விடத்தில் அடிகள் அமைத்திருப்பதைப் பாரும். புகாரின் மணியை மதுரையிலே, அரசன் செவிக்கு அருகிலே, அவள் அடித்தாள்.”

வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்குச் சிறிது பெருமையாகவும் இருந்தது. மாணவி அமரவில்லை.

“விளங்குது, ஐயா. ஆனால் பாண்டியன் வாசல் மணிக்குக் கயிறு இருந்ததோ?”

நூலை எடுத்து அவ்விடத்தை மீண்டும் படித்தேன். கயிற்றைப் பற்றி அடிகள் ஒன்றும் கூறவில்லை. வாயில் காவலன் நின்றான் என்று மட்டும் இருக்கின்றது.